மாலை போட்ட சர்வர்

என் சர்வர் குலுங்கவே குலுங்காது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். சூரமங்கலத்து வீட்டின் முன்னறையில் இருக்கும் ஒற்றைக் கம்ப்யூட்டர்தான் அது. அதன் வழியாக, லாரி ஓட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டில் நாற்பது பேர் அவரவர் வீட்டிலிருந்தபடி ஒரே சாலையில் ஓட்டலாம். அதற்காகவே ஒரு நோட்டு போட்டிருந்தேன். ஒரு நேரத்தில் ஒரு செட்டிங்கை மட்டும் மாற்று, ஓட்டிப் பார், எழுதி வை. கேட்காதவர்களுக்கும் இதைச் சொல்லுவேன்.

ஆயுத பூஜை மதியம் முதல் பெரிய ஓட்டம். லாரிக்குச் செய்வதுபோலவே சர்வருக்கும் சந்தனம் பூசி, பொட்டு வைத்து, தடியாக ஒரு சாமந்தி மாலையும் போட்டுத் தொடங்கினேன். முன்னால் போகும் லாரி என் மனைவியின் அண்ணனுடையது. இருபது வருடம் நிஜ லாரி ஓட்டியவர். முழங்கால் போனபின் ஸ்டியரிங் பிடிப்பது இந்த விளையாட்டில்தான். அயோத்தியாப்பட்டணத்தில் அவர் வீட்டில் சொந்தபந்தமெல்லாம் கூடிப் பார்த்துக்கொண்டிருந்தது.

பத்தாவது நிமிடம் போன்.

"மாப்ள, வண்டி தவ்வித் தவ்விப் போகுதுங்க. பின்னால வர்றவன் என் மேலயே ஏறிட்டான். இங்க புள்ளைங்கல்லாம் சிரிக்குதுங்க."

"ரெண்டே நிமிசம் மச்சான், சரி பண்ணிப்போடறேன்."

நொடிக்கு அறுபது முறை லாரிகளின் இடத்தைக் கணக்கிடுவதை முப்பதாக்கினேன். தானாகச் சேமிப்பதை நிறுத்தினேன். கண்ணில் பட்டதையெல்லாம் ஏற்றினேன், இறக்கினேன். இன்னும் மோசமாகத் தவ்வியது. வியர்த்துக் கொட்ட, கையிலிருந்த நோட்டால் விசிறிக்கொண்டேன்.

பொரிகடலைத் தட்டோடு வந்த மனைவி பெட்டியைத் தொட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

"ஏனுங்க, அடுப்பாட்டம் சுடுது. காத்துப் போற சல்லடையிலயே மாலையத் தொங்க உட்டிருக்கறீங்க. விசிறி உங்களுக்கு மட்டும்தானுங்களா?"

சூடு ஏறினால் கம்ப்யூட்டர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். என் நோட்டின் முதல் பக்கத்தில், என் கையெழுத்திலேயே இருக்கிறது.

மாலையைக் கழற்றி, சல்லடையில் காய்ந்திருந்த சந்தனத்தைத் துடைத்தேன். நான் கலைத்த செட்டிங்குகளை நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகப் பழையபடி வைத்தேன். சூடு இறங்க இறங்க லாரிகள் வரிசைக்கு வந்தன. அப்புறம் இரண்டு மணி நேரம், மலைச்சாலை வளைவுகளில்கூட, ஒரு லாரியும் தவ்வவில்லை.

மறுபடி போன். பின்னணியில் ஒரே கைத்தட்டல்.

"மாப்ள, இப்பத்தானுங்க வண்டி மாதிரி இருக்குது. முப்பத்தொம்பது பேரு என் பின்னால வாரானுங்க!"

அவர் குரல் அப்படி நிமிர்ந்து கேட்டு வெகுநாளாகியிருந்தது. கையிலிருந்த மாலையை என் கழுத்திலேயே போட்டுக்கொண்டேன். மனைவி பொரித்தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.