மஞ்சள் துணி கட்டிய போத்தல்

இது நடந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. மாத்தளை டவுனிலிருந்து கொஞ்சம் மேலே இருக்கும் எங்கள் வீட்டுச் சமையலறையில்தான் எல்லாம் தொடங்கியது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதித் தருபவர் எங்கள் பெண்கள் சங்கத்துச் செயலாளர். எனக்கு என் பெயரை எழுதத் தெரியும், பஸ் நம்பர் தெரியும், காசுத்தாள் தெரியும். அதற்கு மேல் வாசிக்க வராது. இந்த ஒரு வரியை வெளியே சொல்ல எனக்கு அறுபத்தெட்டு வயதாக வேண்டியிருந்தது.

நான் சீனிச் சம்பல், அதாவது வெங்காயத்தைச் சீனியும் மிளகாயும் போட்டு வதக்கிச் செய்வது, செய்து விற்கிறேன். என் சம்பலைப் பற்றி நானே பெருமை பேசக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன், இந்தப் பக்கத்தில் அப்படி ஒன்று கிடையாது. இரண்டு விதமாகச் செய்வேன். ஒன்றில் மாசிக்கருவாட்டை இடித்துப் போடுவேன். மற்றது மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு, மாசி போடாதது. போத்தலில் எழுத்து ஒட்டும் பழக்கம் என்னிடம் இல்லை. மூடிக்கு மேல் துணி கட்டுவேன். மஞ்சள் துணி என்றால் மாசி போட்டது, சிவப்பு என்றால் போடாதது. முதன்முதல் மாசிச் சம்பல் செய்த அன்றைக்கு வீட்டில் ஒரு கிழிந்த மஞ்சள் சேலைதான் கிடந்தது, அதைத் தவிர வேறு காரணம் இல்லை. வாடிக்கையாக வாங்குகிறவர்களுக்கு அது தெரியும். ஊருக்கே தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சங்கத்தில் எல்லோரும் வெப்சைட், வெப்சைட் என்று பேசத் தொடங்கினார்கள். அது இருந்தால் தூரத்து ஊர்களிலிருந்தும் ஓடர் வரும் என்றார்கள். டவுனில் ஓர் இடத்தில் விசாரித்தேன். அவர்கள் சொன்ன விலையைக் கேட்டுக் கதிரையை விட்டு எழும்பி வந்துவிட்டேன். பிறகுதான் உக்குவளைப் பக்கத்து ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார்கள். கண்டியில் கம்பியூட்டர் வேலை பார்த்தவர், குழந்தை பிறந்த பிறகு வீட்டிலிருந்தே குறைந்த விலைக்கு வெப்சைட் செய்கிறாராம். வரச் சொன்னேன்.

"ஏன் புள்ள, இவ்வளவு கொறச்சி கேக்குறியே, வேல தெரியுமா? இல்ல என் சம்பல வச்சித்தான் பழகப் போறியா?" என்று கேட்டேன்.

அவர் கோபிக்கவில்லை, சிரித்தார். "புடிக்கலன்னா காசு வேணாம்மா. ஒரு போத்தல் சம்பல் மட்டும் தாங்க."

அன்றைக்கே போத்தல்களை மேசையில் வைத்துப் படம் பிடித்துக்கொண்டு போனார். எந்தத் துணி எதற்கு என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து வந்து போனை என் கையில் கொடுத்தார்.

"ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் வெவரம் போட்டிருக்கேன்மா. நிதானமா வாசிச்சி பாத்து பிழ இருந்தா சொல்லுங்க. நீங்க சரின்னு சொன்ன பொறகுதான் வெளிய விடுவேன்."

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். வாசிக்கத் தெரிந்தவர்கள் எவ்வளவு நேரம் எடுப்பார்கள், எந்த இடத்தில் தலையை ஆட்டுவார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. சங்கக் கூட்டத்தில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் செய்த வேலை அது. விரலால் தள்ளினேன், நின்றேன், மறுபடி தள்ளினேன். "தமிழ் நல்லா இருக்கு புள்ள. எல்லாம் சரி, போடு" என்றேன். அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு போனை வாங்கிக்கொண்டார்.

முதல் மாதமே ஓடர் வந்தது. திருவிழாக் காலம் அது. தம்புள்ளையிலிருந்து ஒரு பெண் மாசி இல்லாதது இரண்டு போத்தல் கேட்டு வெப்சைட்டில் படத்தைத் தட்டியிருந்தார். போனில் எனக்குத் தெரிந்தது அவர் தட்டிய படம் மட்டும்தான்; அதில் இருந்த போத்தலை அனுப்பினேன். மஞ்சள் துணிப் போத்தல்.

போத்தல் போய்ச் சேர்ந்து நாலாம் நாள் அவரிடமிருந்து போன் வந்தது. அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் திருப்பி ஏசியிருப்பேன். அழுதார்.

"அம்மா, நான் தீ மிதிக்கக் காப்பு கட்டியிருக்கேன். மாசி இல்லன்னு போட்டிருந்தீங்க, மஞ்சத் துணிய பாத்ததும் விரதத்துக்குன்னே கட்டியிருக்காங்கன்னு சந்தோசப்பட்டேன். இன்னைக்கி பல்லுல ஒரு துண்டு மாட்டிச்சி. மூணு நாளா தின்னுருக்கேனே!"

அந்த வருடம் அவர் தீ மிதிக்கவில்லை. மகனுக்காக வைத்த நேர்த்தி.

விரதக்காரர் மஞ்சளைப் பார்த்தால் என்ன நினைப்பார்? வெப்சைட் செய்த பெண்ணும் அதையேதான் நினைத்திருக்கிறார். மஞ்சளுக்குக் கீழே மாசி இல்லாதது என்றும் சிவப்புக்குக் கீழே மாசி போட்டது என்றும் எழுதிவிட்டார். நான் வாசித்திருந்தால் அந்த நிமிடமே பிடித்திருப்பேன்.

அவரைக் கூப்பிட்டேன். அன்றைக்குச் சங்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் வீட்டில் இருந்தார்கள். அவர்களுக்கு முன்னால்தான் கத்தினேன்.

"நீங்க வாசிச்சி பாத்து சரின்னு சொன்னீங்களேம்மா" என்றார் அவர்.

"நான் பாத்தப்போ சரியாத்தான் இருந்திச்சி. நீ பொறகு மாத்திப் போட்டுட்ட. கொறஞ்ச வெலைக்கி செய்ய வந்தா இப்படித்தான், கவனம் இருக்காது!"

அது பச்சைப் பொய். என் வாயிலிருந்து யோசிக்காமல் வந்தது. அவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "சரிம்மா, பிழ என்னோடதுதான். இப்பவே திருத்துறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அங்கே இருந்தவர்களில் மூன்று பேர் அவரிடம் வெப்சைட் செய்யப் பேசி வைத்திருந்தார்கள். மூன்று பேரும் அந்த வாரமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் ஒருத்தி என் வெப்சைட்டைத் திறந்து காட்டினாள். "இங்க பாருங்க, மஞ்சத் துணிக்கிப் பக்கத்துல மீன் படம் போட்டிருக்கா. செவப்புக்கு எல. எழுத்தே தேவையில்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் புரிந்தது. அந்த மீன் எனக்காகப் போட்டது.

மறுநாள் காலையில் பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு ஒனக்குத் தெரியும், இல்லையா?"

"தெரியும்மா."

"எப்படி?"

குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினார். "ரெண்டு பாசையிலயும் செஞ்சிருந்தேன். நான் உங்க கையில தந்தப்போ தெறந்து இருந்தது சிங்களப் பக்கம்மா. நீங்க தமிழ் நல்லா இருக்குன்னு சொன்னீங்க."

நான் எழுத்தையே பார்க்கவில்லை. எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"அப்பவே நான் வாசிச்சிக் காட்டியிருக்கணும். உங்களுக்கு வெக்கமாப் போயிருமேன்னு விட்டுட்டேன். அந்தப் பிழ எனக்கும் இருக்கும்மா" என்றார்.

என் மானத்தைக் காப்பாற்ற நினைத்த பிள்ளையின் பெயரைத்தான் நான் நாலு பேருக்கு முன்னால் கெடுத்தேன். மன்னிப்புக் கேட்டேன். தேத்தண்ணி போட்டுத் தந்தார். அதைக் குடித்து முடிக்க எனக்கு வெகு நேரமானது.

தம்புள்ளைப் பெண்ணுக்கு நானே போன் செய்து உண்மையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், "சரிம்மா" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் வாங்கியதில்லை. அடுத்த கூட்டத்தில் எழும்பி நின்று, பிழை என்னுடையது, எனக்கு வாசிக்கத் தெரியாது என்றேன். ஒருத்தி கேட்டாள், "அப்போ இத்தன வருசமா பேப்பர விரிச்சி வச்சிக்கிட்டு என்னக்கா செஞ்சீங்க?"

"படம் பாத்தேன்" என்றேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெப்சைட் வேண்டாம் என்ற அந்த மூன்று பேரில் இரண்டு பேர் உக்குவளைப் பெண்ணிடமே திரும்பிப் போனார்கள். ஒருத்தி போகவில்லை.

இதை எழுதி முடித்ததும் செயலாளர் கையெழுத்துப் போடச் சொன்னார். முதலில் வாசித்துக் காட்டுங்கள் என்றேன். ஓர் இடத்தில் என்னைக் கொஞ்சம் நல்லவளாக எழுதியிருந்தார், அதைத் திருத்த வைத்தேன். வாசிக்கத் தெரியாததை நினைத்து இப்போது எனக்கு வெட்கம் வருவதில்லை, ஆனால் மஞ்சள் துணியை மூடியில் கட்டி முடிச்சுப் போடும் ஒவ்வொரு தரமும், நாலு பேருக்கு முன்னால் "பிழ என்னோடதுதான்" என்று அந்தப் பிள்ளை சொன்னபோது நான் பேசாமல் நின்றது நினைவுக்கு வந்து கை ஒரு கணம் நின்றுவிடுகிறது.