சந்தனம் வைத்த மவுஸ்

மேசை இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பழைய மவுஸ் கையில் தட்டுப்படும். இடது பொத்தானின் இடுக்கில் சந்தனக் கறை இன்னும் இருக்கிறது. அக்கா வேலையை விட்டுப் போகும்போது என்னிடம் கொடுத்தது. தூக்கிப் போட மனம் வரவில்லை, வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ் ஒன்றில் நாங்கள் பக்கத்துப் பக்கத்து மேசை. என்னைவிட மூத்தவர் என்பதால் அக்கா, மற்றபடி உறவு எதுவும் கிடையாது. எந்த லோடுக்கு எந்த லாரி என்று கம்ப்யூட்டரில் பதிந்து டிரைவர்களுக்கு அனுப்புவது அவர் வேலை. ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவர். போனில் பேசிக்கொண்டே டீயை ஆற்றுவார், டீயை மறந்துவிட்டு வாசலுக்குப் போய் லாரி வந்துவிட்டதா என்று எட்டிப் பார்ப்பார். அவரைப் பார்த்தாலே எனக்குப் படபடப்பாக இருக்கும்.

ஆயுத பூஜை முடிந்த கொஞ்ச நாளில் தொல்லை ஆரம்பித்தது. அக்கா மவுஸை ஒரு முறை அமுக்கினால் இரண்டு முறை பதிந்தது. ஒரே லோடுக்கு இரண்டு லாரிகள் போய் நின்றன. டிரைவர்கள் இருவரும் குடோன் வாசலில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். முதலாளி கத்தவில்லை. “ஏனுங்கம்மா, கை ஒரு எடத்துல நிக்காதுங்களா?” என்று மட்டும் கேட்டார்.

அக்காவின் முகம் வெளிறிவிட்டது. அன்றிலிருந்து தம்ளர் நிறையத் தண்ணீர் பிடித்து, கையை நீட்டி, தளும்புகிறதா என்று பார்ப்பதே வேலையாகிவிட்டது அவருக்கு. எரிச்சல் தாங்காமல் என்னவென்று கேட்டேன்.

“எங்கம்மாளுக்கும் கை நடுக்கம் இப்பிடித்தான் ஆரம்பிச்சுது சாமி. கடைசில சோத்தை அள்ளி வாயில வெக்க முடியாமப் போச்சு. ஊட்ல யாருகிட்டயும் நான் சொல்லல” என்றார்.

கம்ப்யூட்டர் செட்டிங்ஸில் இடது பொத்தானின் வேலையை வலது பொத்தானுக்கு மாற்றிவிட்டு, “இப்ப அதே கையில அமுக்குங்கக்கா” என்றேன். ஒன்றுதான் பதிந்தது. நம்பாமல் மறுபடி அமுக்கினார். ஒன்றேதான். கையில் கோளாறு இல்லை.

மவுஸைக் கழற்றினேன். லாரி ஸ்டியரிங்குக்கு வைப்பதுபோல, பூஜையன்று அக்கா மவுஸுக்கும் சந்தனத்தைத் தாராளமாகக் குழைத்து அப்பியிருந்தார். அந்த ஈரம் இடுக்கு வழியே இறங்கி, உள்ளேயிருந்த சின்ன சுவிட்சின் செப்புத் தகட்டில் பச்சை பிடித்திருந்தது. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து மூடினேன். அக்கா அழுதார், அழுகை முடியுமுன் சிரித்தார். “நாந்தேன் அப்புனனா?” என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். சாயங்காலம் வரை வேலையே இல்லாமல் அதை அமுக்கிக்கொண்டிருந்தார்.

இப்போது எனக்கு டவுனில், ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் வேறு ஆபீஸ். அக்கா எருமப்பட்டியில் மகள் வீட்டில் இருக்கிறார். போன மாதம் பார்க்கப் போனேன். மகள்தான் டீ தம்ளரை அவர் வாயில் வைத்தாள்.

“வாரது வந்துருச்சு. ஆனா அன்னைக்கு மவுஸுதான்னு காட்டுனியே, அதுக்கப்பறம் கொஞ்ச வருசம் பயமில்லாம இருந்தேன் சாமி” என்றார். அவருக்கு அது போதுமாக இருந்தது, எனக்குப் போதவில்லை. திரும்பும் பஸ்ஸில் சீட்டில் நிலைகொள்ள முடியவில்லை.

இன்று காலை என்னுடைய மவுஸ் ஒரு அமுக்கலுக்கு இரண்டாகப் பதிந்தது. வாங்கி ரொம்ப நாள் ஆகவில்லை, சந்தனமும் வைக்கவில்லை. திருப்புளி எடுக்க இழுப்பறையைத் திறந்தேன். அந்தப் பழைய மவுஸ் கையில் தட்டுப்பட்டது. திருப்புளியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய், தம்ளர் நிறையத் தண்ணீர் பிடித்து, கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.