இரண்டு மணித் தூக்கத்துக் கவலைகள்

வாழ்நாளில் நான் சேவலுக்குப் பயந்தது ஒரு நாலைந்து வாரந்தான். பக்கத்து வீட்டுச் சேவல், சிவப்பு நிறம். தோட்டத்து லயத்தில் வரிசையாக இருபது வீடு இருக்க, அது என்னை மட்டும் குறிவைத்துப் பார்ப்பதாக எனக்குள் ஓர் எண்ணம் விழுந்துவிட்டது. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். தூக்கம் கெட்டுப் பார்த்தவன் சிரிக்க மாட்டான்.

கூலிம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் பால் வெட்டத் தொடங்கி அது மூன்றாவது வருடம். கல்யாணமாகி இரண்டு வருடம். ஒரு நாள் மழை ஈரத்தில் வழுக்கி, பால் வாளிகளோடு விழுந்து, தோள்பட்டை விலகிவிட்டது. வலியில் இரவெல்லாம் புரண்டேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் அப்போதிருந்த டிரசர், அதாவது டாக்டர் வராத நாள்களில் டாக்டராக இருப்பவர், ஒரு சீசாவில் தூக்க மருந்து ஊற்றிக் கொடுத்தார். உப்புக் கரிக்கும். படுக்கப் போகுமுன் ஓர் அளவு குடித்தால் போதும், கட்டை போலக் கிடக்கலாம். தோள் ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது. மருந்து எட்டு மாதம் ஓடியது. சீசா தீர்ந்தால் நான் போவேன், அவர் ஊற்றுவார். அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சும்மா கிடைப்பதை எவன் வேண்டாம் என்பான்?

பிறகு அவர் மாற்றலாகிப் போனார். அலோர் ஸ்டாரிலிருந்து புது டிரசர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கஞ்சி போட்ட வெள்ளைக் காற்சட்டை, மூக்குக் கண்ணாடி. என் சீசாவை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"எவ்வளவு காலமா இதைக் குடிக்கிறீர்?"

"எட்டு மாசமாங்க ஐயா."

"தோள் இன்னும் நோகுதோ?"

"இல்லிங்க."

"பின்னை ஏன் குடிக்கிறீர்?"

"தூங்குறதுக்குங்க" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதை விட வேணும். ஆனா ஒரேயடியா விடக் கூடாது, நரம்பு குழம்பிப் போகும். கிழமைக்குக் கிழமை குறைச்சு, ஆறு கிழமையிலை நிப்பாட்டுவம். நித்திரை கெடும். மனம் பதறும். அதுக்குப் பயப்பிடாதேயும்."

பயப்படாதே என்று அவர் சொன்ன மாத்திரத்தில் எனக்குப் பயம் வந்துவிட்டது.

அந்தக் காலத்து மருந்துச் சீசாவில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். அதில் ஒவ்வொரு வேளைக்கும் ஒரு வெட்டு. புது டிரசர் வாரத்துக்கு வாரம் வெட்டுகளை நெருக்கி ஒட்டினார். சீசாவைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் ஒரு வெட்டில் ஒன்றேகால் வெட்டு மருந்து கிடைக்கும் என்று நான் கண்டுபிடித்தேன். நான் கண்டுபிடித்ததை என் மனைவி கண்டுபிடித்தாள். சீசா அன்றே அவள் கைக்குப் போய்விட்டது.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இவ்வளவுதானா என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். இரண்டாவது வாரத்தில் தூக்கம் நான்கு மணி நேரமாயிற்று, மூன்றாவது வாரத்தில் இரண்டு. சேவல் என்னைப் பார்க்கத் தொடங்கியது அப்போதுதான். கூரைத் தகரத்தில் ஓர் ஆணி என் நெற்றிக்கு நேராக இருப்பது தெரிந்தது. பாயைத் தள்ளிப் போட்டேன், அங்கே வேறோர் ஆணி இருந்தது. சோற்றோடு ஒரு சட்டைப் பொத்தானை விழுங்கிவிட்டேன் என்று ஒரு நாள் முழுக்க நம்பினேன். சட்டையில் எல்லாப் பொத்தானும் இருந்தன. அப்படியானால் விழுங்கியது யாருடைய பொத்தான் என்று அதற்கு மேல் ஒரு கவலை.

இவையெல்லாம் சில்லறை. உள்ளே ஒரு பெரிய பயம் இருந்தது. எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்பதுதான் அது. மேட்டு லயத்தில் ஒருவருக்கு அப்படி ஆகி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். புருஷன் வேலை போனால் வீடும் போகும் என்பது தோட்டத்துச் சட்டம். ஒரே வாரத்தில் அவர் மனைவி சட்டி பானையோடு சாலையில் நின்றாள். என் மனைவியும் அப்படி நிற்பாளோ என்று நினைத்தால் கை நடுங்கும். கை நடுங்கினால் பால் வெட்டும் உளி மரத்தில் ஆழமாக இறங்கும். இறங்கினால் தண்டல் ஏசுவார்.

தண்டல் என்பவர் எங்கள் வேலையை மேற்பார்க்கிறவர். விடிகாலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுப்பவரும் அவர்தான். ஒரு நாள் வேலை முடிந்து வந்ததும் மனைவியிடம் சொன்னேன்.

"தண்டல் இன்னிக்குப் பெரட்டுல என்னையப் பாத்து இருமுனாரு. வேலைய விட்டுத் தூக்கப் போறாரு."

அவள் தஞ்சோங் டாவாய்க் கடற்கரை நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ராத்திரி எத்தன மணி நேரம் தூங்குனீங்க?"

"ரெண்டு இருக்கும்."

"அப்ப இது ரெண்டு மணி நேரக் கவல. இதையெல்லாம் கேக்க எனக்கு நேரமில்ல. நல்லாத் தூங்கி எந்திரிச்ச அன்னிக்கும் அதே கவல இருந்துச்சுன்னா சொல்லுங்க, ஒக்காந்து கேக்குறேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. புருஷனுக்குப் புத்தி பிசகுகிறது, இவள் நெத்திலித் தலை எண்ணுகிறாள் என்று நினைத்தேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் எப்படியோ ஐந்து மணி நேரம் தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் தண்டலுக்குச் சளி. எல்லாரையும் பார்த்து இருமிக்கொண்டிருந்தார். பொத்தான் போன இடம் தெரியவில்லை. சேவலும் தன் பாட்டுக்குக் குப்பையைக் கிளறியது. மனைவி சொன்னது சரி என்று தெரிந்தது. அவளிடம் சொல்லவில்லை, அது வேறு விஷயம்.

ஆனால் தெரிந்து என்ன பயன்? தூக்கம் வராதோ என்ற பயத்தில் தூக்கம் போனது. தூக்கம் போனதால் மறுநாள் பயம் கூடியது. செக்குமாடு கூட இடையில் நிற்கும்.

ஐந்தாவது வாரத்தில் ஒரு நாள் பொட்டுத் தூக்கம் இல்லை. எங்கள் தோட்டத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பால் வெட்டு. ஒவ்வொருவருக்கும் இரண்டு நெரை மரங்கள். இன்று ஒரு நெரை வெட்டினால் நாளை மற்றது, வெட்டிய மரத்துக்கு ஒரு நாள் ஓய்வு. தூங்கி எழுந்தால்தானே நேற்று, இன்று என்று பிரியும்? எனக்கு நேற்று முடியவே இல்லை. பெரட்டு முடிந்ததும் நேராக நேற்று வெட்டிய நெரைக்கே போய் வெட்டத் தொடங்கிவிட்டேன். மரப்பட்டையில் நேற்று வெட்டிய கோட்டில் காய்ந்து கிடக்க வேண்டிய பால் பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. மரங்களுக்கும் தூக்கமில்லை போலிருக்கிறது, பாவம் என்று இரக்கப்பட்டுக்கொண்டே அறுபது மரம் வெட்டினேன்.

தண்டல் சைக்கிளை நிறுத்தினார்.

"நேத்து எங்க வெட்டுன?"

"இங்கதாங்க."

"இன்னிக்கு எங்க வெட்டணும்?"

நான் வெகுநேரம் யோசித்தேன். "நேத்து முடிஞ்சிருச்சுங்களா?" என்று கேட்டேன்.

அவர் இருமக்கூட இல்லை. என் கையிலிருந்து உளியை மெதுவாக வாங்கிக்கொண்டார், என்னைச் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டார். வழியில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்களெல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். என் நெரைக்கு மூன்று நெரை தள்ளி வெட்டிக்கொண்டிருந்த மனைவியும் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சைக்கிளின் பின்னாலேயே ஓடி வந்தாள். முடிந்தது கதை, லாரிதான் என்று நினைத்து நான் அழுதுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் தண்டல் சொன்னார். "ஐயா, இவனுக்குக் கலண்டுருச்சு. தொரகிட்ட சொல்லணும்."

டிரசர் என்னைப் பார்த்தார். "இராத்திரி எத்தினை மணித்தியாலம் நித்திரை கொண்டனீர்?"

"இல்லவே இல்லிங்க."

"முந்தின நாள்?"

"ஒண்ணுங்க."

அவர் தண்டல் பக்கம் திரும்பினார். "இது விசர் இல்லை. நித்திரை இல்லாட்டி உமக்கும் இப்பிடித்தான் இருக்கும். ஒரு கிழமை உளியைக் குடுக்காதேயும், புல்லு வெட்டட்டும். துரையிட்டைச் சொல்ல இதிலை ஒண்டும் இல்லை." பிறகு என்னிடம் கேட்டார். "பழைய அளவு மருந்தைத் தரட்டோ? இண்டைக்கே நித்திரை வரும். ஆனா திரும்ப முதலிலை இருந்து துவங்க வேணும். இல்லாட்டி இந்தக் கிழமை குறைக்காமல் இதே அளவிலை நிப்பம்."

அலமாரியில் பெரிய சீசா நின்றது. அந்த உப்புச் சுவை நாக்கில் ஊறியது. வாசலில் மனைவி மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தாள். "இதே அளவு போதுங்க ஐயா" என்றேன்.

போகும்போது தண்டல் தயங்கி நின்றார். "ஐயா, அது குடிச்சா அவ்வளவு நல்லாத் தூக்கம் வருமா?" டிரசர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். தண்டல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆறு வாரம் ஏழாயிற்று. சீசா காலியானது. அதற்கப்புறமும் சில நாள் சரியாக இல்லை. பிறகு ஒரு விடிகாலை, பெரட்டுக்குக் கூப்பிடத் தண்டவாளத் துண்டைத் தட்டும் சத்தம் கேட்டு விழித்தேன். சத்தம் கேட்டு விழிப்பதற்கு முதலில் தூங்கியிருக்க வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு மேல் தூங்கியிருந்தேன். அந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

அடுப்பு மூட்டவில்லை. எனக்கு முன்னால் எழுந்து தேநீர் போடுகிறவள் சுவரில் சாய்ந்து, என் பாயைப் பார்த்தபடி, உட்கார்ந்தே தூங்கிப்போயிருந்தாள். தோளைத் தொட்டேன். ஒரு கண்ணைத் திறந்தாள்.

"எத்தன மணி நேரம்?"

"ஆறுக்கு மேல."

"சரி" என்று சொல்லிவிட்டு அப்படியே என் பாயில் சரிந்தாள்.

மனைவிக்குக் காய்ச்சல் என்று தண்டலிடம் பொய் சொன்னேன். பகலில் வேலை முடிந்து திரும்பினேன். அவள் சரிந்தபடியே கிடந்தாள், புரண்டுகூடப் படுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏழு வாரம் நான் விழித்துக் கிடந்தபோதெல்லாம் அவளும் விழித்திருக்கிறாள். விழித்திருந்துவிட்டு விடிகாலையில் என்னைப் போலவே பால் வெட்டவும் போயிருக்கிறாள். அவளுக்கு என்னென்ன கவலை வந்ததோ, சாலையில் சட்டி பானையோடு நிற்பதை அவளும் நினைத்தாளோ, நான் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. நல்ல தூக்கத்துக்குப் பிறகு எனக்கு வந்த முதல் கவலை அதுதான். அவள் சொன்ன கணக்குப்படி அது நிஜமான கவலை.