மாங்கொட்டையும் ரோகு மீனும்

இன்று சத்தியவேடு பக்கம் முனிரத்தினம் அண்ணன் குளத்தில் வலை போட்டோம். மாங்கொட்டை மாவு கலந்த தீவனத்தில் ரோகு மீன் வளருமா என்பதுதான் என் ஆராய்ச்சி. தன் இரண்டு குளங்களில் ஒன்றை அதற்கென்றே விட்டுக்கொடுத்தவர் அவர்.

எடை போட்டதும் தெரிந்துவிட்டது. வழக்கமான தீவனம் போட்ட அவரது மற்ற குளத்து மீனின் எடையில் பாதிகூட இல்லை.

"மன்னிச்சுக்கோங்கண்ணா" என்றேன்.

கையிலிருந்த மீனைக் காட்டினார். "இத்த எழுதுவியாம்மா?"

"தோத்துப்போனத யாரும் அச்சடிக்கமாட்டாங்கண்ணா."

"அப்ப இன்னொருத்தன் குளத்துலயும் இதையே போட்டுக்கினு இருப்பாங்களே. எழுதும்மா."

திருப்பதி வரும்வரை பேருந்தில் கட்டுரையை எழுதிக்கொண்டே வந்தேன். தலைப்புதான் அமையவில்லை. 'வளராத மீன்கள்' என்று வைத்தால் எங்கள் பேராசிரியர் கையெழுத்துப் போடுவாரா, நீங்களே சொல்லுங்கள்.