பன்னிரண்டரை லட்சம் மீன்குஞ்சும் என் கமாவும்

இன்று பேச்சிப்பாறைப் பக்கம் லதா அக்காவின் மீன்குஞ்சுப் பண்ணைக்குப் போயிருந்தேன். ஊருக்குத் திரும்பிய பிறகு எனக்குக் கிடைத்த முதல் வேலை இதுதான். அக்கா கரும்பலகையில் எழுதிப்போடும் குஞ்சு இருப்பை, வாங்க வருபவர்களுக்குத் தினமும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கு, பைத்தானில் சின்னதாக ஒரு நிரல் எழுதியிருந்தேன்.

பட்டியலைக் காட்டினேன். கட்லா மீன்குஞ்சு 1,250,000.

அக்கா திரையில் விரலை வைத்து ஒவ்வொரு இலக்கமாக எண்ண ஆரம்பித்தார்.

“இது எந்த ஊர் கணக்கு மக்கா? வாங்க வாறவன் இத வாசிச்சு முடிக்கியதுக்குள்ள வேற பண்ணைக்குப் போயிருவான். எனக்க கரும்பலகையே போதும்.”

துபாயில் பத்து வருடம் மும்மூன்றாகவே கமா போட்டுப் பழகிய கை எனக்கு.

“பத்து நிமிசம் தாங்க அக்கா” என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கடைசி மூன்று இலக்கம் தனியாக, மீதியெல்லாம் இரண்டிரண்டாக. பத்து வரிகூட ஆகவில்லை.

12,50,000.

“ஆங், பன்னிரண்டர லெச்சம்! இப்ப பாத்த ஒடனே தெரியுது. எனக்க தங்கச்சிக்க பண்ணைக்கும் இதுபோல செஞ்சு குடுப்பியா?”

நான் ஊர் வந்து நான்கு மாதமாகிறது. என் கமா இன்றைக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

கல்ஃபிலிருந்து திரும்பியவர்களே, உங்கள் பழக்கங்களில் எது இன்னும் ஏர்போர்ட்டிலேயே நிற்கிறது?