அசுவினி வந்த பிறகும்

எங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து பின்வராண்டாவுக்குப் போகும் வாசலில், வேப்பமர நிலையின் வலப்பக்கம், இடுப்புயரத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஆள்காட்டி விரலின் முதல் கணு அதில் சரியாகப் போய் உட்காரும். இருபத்திரண்டு வருஷத்தில் அதன்மேல் மூன்று முறை பெயிண்ட் அடித்தாயிற்று. ஒவ்வொரு முறையும் ஓரம் மழுங்கியதே தவிர பள்ளம் போகவில்லை. போன தை மாதம் வராண்டாவைச் சீர்படுத்த வந்த மேஸ்திரி முதலில் அதில்தான் கைவைத்தார். "இத பட்டி வெச்சி அடச்சி உப்புத்தாள் போட்டு தேச்சிட்டா தெரியவே தெரியாதுங்க" என்றார். நான் வேண்டாம் என்றேன். "அஞ்சி நிமிசத்து வேலைங்க, இதுக்குன்னு தனியா கூலி கூட கேக்க மாட்டேன்" என்றார். அப்போதும் வேண்டாம் என்றேன். இலவசமாக வந்த ஒரு வேலையை என் ஆயுளில் நான் மறுத்தது அது ஒன்றுதான்.

சத்துணவுக்கூடத்தில் அமைப்பாளராக இருந்தே தலை நரைத்தவள் நான். பருப்பையும் எண்ணெயையும் கை அளவிலேயே நிறுத்திப் பழகிய கை. அப்பா போன பிறகு அம்மா வடக்கனந்தலில் தனியாக இருந்ததால், கள்ளக்குறிச்சி வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு நானும் வீட்டுக்காரரும் இங்கேயே வந்துவிட்டோம். போன வருஷம் அம்மா விழுந்து இடுப்பு முறிந்தது. தகடு வைத்து, பிடித்து நடக்க நாலு கால் தாங்கி ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். நடுவறையில் படுத்திருப்பவள் கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் கூடம், சமையலறை, வராண்டா எல்லாம் கடந்து போக வேண்டும். வராண்டாவையே அறையாக்கிவிட்டால் கழிவறை நாலடி தூரம். இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன். யோசிக்க இருந்த ஒன்றை யோசிக்காமல் இருப்பதற்காகவே அவ்வளவு வேகமாக வேலையை ஆரம்பித்தேனோ என்று இப்போது தோன்றுகிறது.

புதிதாகக் கட்டக் கையில் வசதி இல்லை. வராண்டாவுக்கு ஏற்கெனவே மூன்று பக்கமும் அரைச்சுவரும் அதன்மேல் கிரில்லும் உண்டு. மேலே சிமெண்ட் ஷீட். ஷீட்டை மாற்றாமல் கழுவிவிட்டு, வெயில் தாங்க மேலே இரண்டு பூச்சு சுண்ணாம்பு அடித்தோம். கிரில்லின் துருவை நானே உட்கார்ந்து சுரண்டினேன். தியாகதுருகத்தில் இடித்த வீட்டுச் சாமான் விற்பவரிடம் இரண்டு ஜன்னல் கிடைத்தது. ஒன்றுக்குக் கொக்கி இல்லை, இன்னொன்று அரை அங்குலம் பெரிது. இழைத்துச் சேர்த்தோம். பெயிண்ட் கடையில் யாரோ கலக்கச் சொல்லிவிட்டு வாங்காமல் போன ஒரு டப்பா மூலையில் கிடந்தது. மஞ்சளும் இல்லாத பச்சையும் இல்லாத ஒரு நிறம். பாதி விலைக்குத் தந்தார்கள். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "இன்னா கலர் இது, கொயந்த கக்குனா மாதிரி கீது" என்றார். சுவரில் ஏறிய பிறகு அப்படியொன்றும் மோசமாக இல்லை. தரைக்கு, மூன்று கடைகளில் மிஞ்சிய டைல்ஸை வாங்கி, ஒரு நிறம் இரண்டு வரிசை வீதம் பாய் மாதிரி போடச் சொன்னேன். எனக்கே என்மேல் ஒரு பெருமை வந்தது.

அந்தப் பெருமை டைல்ஸ் போடப் பழைய தரையைக் கொத்தும் வரைதான். ஓரத்தில் சிமெண்ட் அரித்துப்போய் அம்மைத் தழும்பாகக் கிடந்தது. "இன்னாங்க, ஆசிட்டு கொட்டினீங்களா?" என்று கேட்டார் மேஸ்திரி. ஆசிட் இல்லை, புளி. மாசியும் பங்குனியும் வெள்ளிமலையிலிருந்து மூட்டை மூட்டையாகப் புளி வந்து இந்த வராண்டாவில் இறங்கும். அப்பாவின் அக்கா, என் அத்தை, கால் நீட்டி உட்கார்ந்து சின்னக் கட்டையால் தட்டித் தட்டிக் கொட்டை எடுப்பாள். இருபது வருஷம் அவள் தட்டிய புளிதான் தரையைத் தின்றிருந்தது. கொத்தக் கொத்த அந்தப் பழைய புளிப்பு வாடை எழுந்து வந்தது. மேஸ்திரிக்கு அது தெரியவில்லை. நான் தண்ணீர் கொண்டுவரும் சாக்கில் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

அத்தை புருஷனை இழந்து முப்பது வயதில் எங்கள் வீட்டுக்கு வந்தவள். பிள்ளை இல்லை. அம்மா கழனிக்குப் போவாள், அத்தை என்னை வளர்த்தாள். அவளுக்குத்தான் நான் பாப்பா. கல்யாண வயதிலும் தெருவில் நின்று பாப்பா என்று கூப்பிட்டு மானத்தை வாங்குவாள். பள்ளிக்கூடம் போகாதவள், ஆனால் நாளும் நட்சத்திரமும் விரல் நுனியில் இருக்கும். பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொல்வதில்லை. கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்துவாள், அதுவே அன்றைய நட்சத்திரம். விதை விட, கடைக்கால் போட, பிள்ளைக்கு மொட்டையடிக்க என்று தெருவே வந்து கேட்கும். "நாளிக்கு வேணாம், நாளன்னிக்கு செய்" என்பாள். தப்பியதாக யாரும் சொன்னதில்லை.

என் கல்யாணம் தை மாதக் கடைசியில் என்று முடிவானபோது எனக்கு இருபத்தேழு. அதற்கு முன் இரண்டு இடம் பேசி முடிந்து கைநழுவிப் போயிருந்தது. ஊர் வெறும் வாயை மென்றுகொண்டிருந்த நேரம். அந்த மார்கழியில்தான் அத்தை சிறுநீரகம் கெட்டு உடம்பு வீங்கிப் படுத்துவிட்டாள். வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நடுவறையில், எப்போதும் அவள் படுக்கும் மூலையிலேயே இரும்புக் கட்டில் போட்டோம். ஒருநாள் மத்தியானம் மூச்சு ஒரு மாதிரி இழுக்க ஆரம்பித்தது. அன்றைக்கு அவிட்டம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் அவிட்டம் தொடங்கி ரேவதி முடிய ஐந்து நட்சத்திரத்தில் வீட்டுக்குள் ஓர் உயிர் போனால் அதற்கு அடைப்பு என்று பெயர். உயிர் போன இடத்தை மாசக்கணக்கில் பூட்டிப் போட வேண்டும். நல்ல காரியம் நடக்கக் கூடாது. சவத்தைக்கூடத் தலைவாசல் வழியாக எடுக்காமல் சுவரை இடித்து எடுப்பார்கள். நடுவறையில் அத்தை போனால் தை மாதக் கல்யாணம் இல்லை. நாள் பார்த்துச் சொல்பவரிடம் அப்பா ஓடினார். பின்வராண்டா வீட்டுக் கணக்கில் சேராது, அங்கே கொண்டுபோய்விடுங்கள் என்று அவர் சொல்லி அனுப்பினார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லாததுதான் என் பதில் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

கட்டிலோடு தூக்கினோம். தலைப்பக்கம் அப்பா பிடித்தார், கால்பக்கம் நான். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தைக்கு நினைவு தப்பியிருக்கும் என்று நினைத்தோம். சமையலறையைத் தாண்டும்போது கண்ணைத் திறந்தாள். "இன்னாத்துக்கு பாப்பா என்ன தூக்கினு போறீங்க?" என்றாள். நான், "உள்ள புழுக்கமா கீது அத்த, அங்க காத்தாட இருக்கலாம்" என்றேன். மார்கழி மாதத்தில். கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் பனியில் பகலிலேயே போர்த்திக்கொண்டு திரிந்த நாளில். சொன்ன கையோடு எனக்குக் கால் தடுமாறி, கட்டிலின் இரும்புக் கால் நிலையில் போய் இடித்தது. மரம் சில்லாகத் தெறித்தது. அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போர்வைக்கு வெளியே கிடந்த கையில் கட்டைவிரல் மெதுவாகக் கணுக்களைத் தொட்டுக்கொண்டு போனதைப் பார்த்தேன். ஓரிடத்தில் நின்றது.

அத்தை அன்று சாகவில்லை. வெளிக்காற்று பட்டோ என்னவோ மூச்சு சீரானது. மறுநாள் இரண்டு மடக்கு கஞ்சி குடித்தாள். கிரில்லுக்குச் சாக்கும் தார்ப்பாயும் கட்டினோம். ஆனாலும் விடிகாலையில் போர்வை ஈரமாக இருக்கும். ஒவ்வொரு நாளாகப் போய் ரேவதியும் முடிந்தது. ஆறாம் நாள் காலை நான் கஞ்சி கொண்டுபோனபோது, கிரில் வழியாக விழுந்த வெயிலில் கையை வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். என்னைப் பார்த்து, ரொம்ப மெதுவாக, ஏதோ நான் மறந்துபோன ஒன்றை ஞாபகப்படுத்துகிற மாதிரி, "இன்னிக்கு அசுவினிதான பாப்பா?" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். உள்ளே கொண்டுபோ என்று சொல்லவில்லை. தடை முடிந்துவிட்டது, இனி உங்களுக்கு என்னால் எந்தக் கெடுதலும் இல்லை என்பதைத்தான் அப்படிச் சொன்னாள். நான், "தெரியல அத்த" என்றேன். அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "இன்னும் நாலு நாள்ல கிருத்திக ரோகிணியெல்லாம் வருது, அதுங்களும் ஆவாது. அதெல்லாம் போவட்டும்" என்றாள் அம்மா. போயின. அதற்குள் நடுவறையில் சீர்ச்சாமான்கள் வந்து இறங்கிவிட்டன. கட்டில் கிடந்த மூலையில் பித்தளை அண்டா உட்கார்ந்திருந்தது. அத்தை இரண்டு முறை, "உள்ள போலாமா?" என்று கேட்டாள். இரண்டு முறையும் "நாளைக்கு அத்த" என்றேன். பதின்மூன்றாம் நாள், பூசத்தில், போய்ச் சேர்ந்தாள். நல்ல நட்சத்திரத்தில் போயிருக்கிறாள், புண்ணியவதி என்றார்கள். எடுத்துப்போக வசதியாக இருந்தது. தை கடைசியில் என் கல்யாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது.

அதற்குப் பிறகு, இந்த வேலை தொடங்கும் வரை, அந்த வராண்டாவில் நான் நின்றதில்லை. துணி காயப்போடப் போவேன், போட்டதும் வந்துவிடுவேன். மழைநாளில் ஈரம் ஏறினால் புளி வாடை சமையலறை வரை வரும். அம்மா அடுப்பில் சாம்பிராணி போடுவாள், எதற்கென்று நானும் கேட்டதில்லை. இத்தனை வருஷத்தில் நானும் அம்மாவும் அத்தையைப் பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறோம். அந்தப் பதின்மூன்று நாளைப் பற்றி ஒருதரம்கூடப் பேசியதில்லை. அவள் பேய் பிசாசாக வந்திருந்தால்கூடப் பரவாயில்லை, சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். அவள் வருவதில்லை. எனக்கு நட்சத்திரம்தான் வருகிறது. மாதா மாதம் நாள்காட்டித் தாளைக் கிழிக்கும்போது அசுவினி என்று பார்த்தால் அன்றைக்கு முழுவதும் கஞ்சி இறங்காது.

வேலை முடிந்தது. கட்டில் போட்டு, மெத்தை விரித்து, ஜன்னலுக்கு என் பழைய புடவையைத் திரையாகத் தைத்து மாட்டியிருந்தேன். காலை பதினொரு மணி வெயிலில் அந்த வேண்டாத பெயிண்ட்கூட அழகாக இருந்தது. அம்மா தாங்கியைப் பிடித்துக்கொண்டு அடிமேல் அடி வைத்துச் சமையலறையைக் கடந்தாள். நிலைப்படி வந்ததும் நின்றாள். ஒரு கை தாங்கியை விட்டு நிலையைப் பிடித்தது. விரல் அந்தப் பள்ளத்தைக் கண்டுபிடித்தது. பெயிண்டைப் பார்ப்பாள், டைல்ஸைப் பார்ப்பாள், கெட்டிக்காரி என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னிக்கு இன்னா நச்சத்திரம்?" என்றாள் அம்மா.

"அனுஷம்மா. காலண்டர்ல பாத்தேன்."

"நெஜமாத்தான் சொல்றியா?"

"பாத்ரூம் கிட்டக்க இருக்குதுன்னுதாம்மா இங்க போட்டேன். வேற ஒண்ணும் இல்ல" என்றேன். உண்மைதான். ஆனால் என் காதுக்கே அது அன்றைக்குச் சொன்ன புழுக்கம் மாதிரிதான் கேட்டது. அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். "ஆமா, காத்தாட இருக்கும்" என்றாள். கோபம் இல்லை, குத்தல் இல்லை. அத்தை மாதிரியே, எல்லாம் தெரிந்த குரலில் சொன்னாள். நான் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினேன். "உள்ள போலாம் வாம்மா" என்றேன்.

அம்மா இப்போது நடுவறையில்தான் இருக்கிறாள், அத்தையின் மூலையில். கட்டிலையும் உள்ளே மாற்றி, பக்கத்திலேயே அடியில் சட்டி வைத்த ஓட்டை நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டுவிட்டேன். கழுவி வைப்பது என் வேலை. வராண்டாவில் நான் பாய் விரித்துப் படுக்கிறேன். "இத்தினி செலவு பண்ணது நீ காலு நீட்டிப் படுக்கறதுக்கா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன். முதல் நாள் பயமாக இருந்தது. பிறகு, இருபத்திரண்டு வருஷமாக எனக்கென்று போட்டு வைத்திருந்த இடத்துக்கு வந்து சேர்ந்த மாதிரி இருந்தது.

போன வாரம் மத்தியானம் நல்ல மழை. ஷீட்டின்மேல் தட்டும் சத்தம், அந்தப் புளிக்கட்டையின் சத்தம்போலவே, விட்டு விட்டுக் கேட்டது. புதுத் தரையைத் தாண்டியும் வாடை வந்தது. எழுந்து உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள். "சாரல் அடிக்குமே, அங்க இன்னாத்துக்கு படுத்துங்கெடக்கற? உள்ள வந்துடேன்."

"நாளைக்கு வரேம்மா" என்றேன். நினைத்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்தப் பழைய குரலிலேயே சொன்னது. உள்ளே அம்மா அழுவது கேட்டது. அத்தை செத்த அன்றுகூட அவள் அப்படி அழுததில்லை.

உடனே எழுந்தேன். பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டேன். நிலைப்படியைத் தாண்டும்போது வலது கை வழக்கம்போல அந்த இடத்தைத் தேடியது. விரலை அதில் ஒரு நிமிஷம் வைத்துவிட்டு, உள்ளே போய் அம்மாவின் கட்டிலை ஒட்டித் தரையில் பாயை விரித்தேன்.