இருபத்திரண்டு பூச்சு

மணியம்மாளின் வேனில் இன்ஜின் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சூட்டின் மேல் உட்கார்ந்துதான், செங்கம் சாலையிலிருந்து வேங்கிக்கால் ஆபீஸ்களுக்குப் பெண்களை ஏற்றிப்போய் இறக்கிவிட்டு வருகிறாள். போன மாதம் மட்டும் வேன் நாலு முறை நடுரோட்டில் நின்றது. பெட்ரோலைக் காற்றோடு கலந்துவிடும் கார்புரேட்டர் தேய்ந்திருந்தது. சூடேறினால் நிற்கும்; நின்றால் மறுபடி பிடிக்காது.

வேனில் வரும் ஆறு பேருக்கும் சேர்த்து எழிலரசிதான் வாயைத் திறந்தாள். "கோச்சிக்காதீங்கக்கா. திங்கக்கிழமையும் நின்னுச்சுன்னா நாங்க வல்லரசு வண்டியில போயிடுறோம். நிக்கிற நாளெல்லாம் லேட்டு மார்க்கு விழுது."

செய்தி காதில் விழுந்ததும், அதே சாலையில் வேன் விட்டிருக்கும் வல்லரசு வந்துவிட்டான். புது வண்டி, கண்ணாடியில் ஸ்டிக்கர்கூட இன்னும் கிழிக்கவில்லை. "இத இரும்புக்கடையில போட்டுட்டு என் வண்டிக்கு டிரைவரா வந்துடுக்கா. ஏசி இருக்குது. வேற என்னா வேணும்?"

"நீ என் வண்டிக்கு கிளீனரா வரியா? சோறு போடுறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, அன்றைக்கு அவளுக்கே சோறு இறங்கவில்லை. விடிந்ததும் இன்னொருத்தன் வாசலில் போய் நின்று சாவி கேட்பதை நினைத்துப் பார்த்தாள். முடியாது.

மறுநாள் மணியம்மாளின் வேன், எலக்ட்ரீஷியன் சாகிலின் ஷெட்டில் இருந்தது. அங்கே, அதே மாடலில் பிற்பாடு வந்த ஒரு வேன் விபத்தில் பின்பக்கம் நசுங்கிக் கிடந்தது. கார்புரேட்டருக்குப் பதிலாக மாட்ட, சாகில் அதிலிருந்து பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர், டேங்குக்குள் மூழ்கும் பம்ப், கம்ப்யூட்டர் பெட்டி, மணிக்கட்டுத் தடிமனுக்கு ஒயர்க் கட்டு என்று எல்லாவற்றையும் கழற்றினான்.

"இத பழைய வண்டியில மாட்டினவங்க கம்மிக்கா. ஓடலன்னா திட்டக்கூடாது."

"திட்டுவேன். மாட்டு."

நாலு நாள் வேலை; அதுவரை ஆறு பேரும் பஸ்ஸில் போய்வந்தார்கள். ஞாயிறு மதியம் சாவியைத் திருப்பினாள். பம்ப் முனகியது. இன்ஜின் பிடித்தது, இருமியது, அணைந்தது. மீட்டரில் மஞ்சள் விளக்கு கண்ணடித்தது. பத்து முறை திருப்பியும் அதே கதை.

"கம்ப்யூட்டர் போயிடுச்சுக்கா. வேற தேடணும், புதன்கிழமை ஆயிடும்."

வேடிக்கை பார்க்கவென்றே வண்டியை ஓரங்கட்டியிருந்த வல்லரசு சிரித்தான். "கம்ப்யூட்டருக்கு வயசானவங்கள புடிக்காதுக்கா."

மணியம்மாள் அவன் பக்கம் திரும்பவில்லை. "சாகில், நசுங்கின வண்டியில அந்தப் பெட்டி வேல செஞ்சுதா?"

"ஸ்டார்ட் பண்ணிப் பாத்துட்டுதானே கழட்டினேன்."

"அப்போ பெட்டி மேல பழி போடாத. அதோட எர்த் ஒயர எங்க குடுத்த?"

சாகில் இருக்கையைத் தூக்கிக் காட்டினான். பாடியோடு சேர்ந்த ஒரு போல்ட், பச்சையாகப் பளபளத்தது. மணியம்மாளுக்குச் சுருக்கென்றது. ஆயுதபூஜை வந்தால் வேனைக் கழுவி, இருக்கைக்கு அடியில் யார் கண்ணும் படாத இடத்துக்குக்கூட எனாமல் அடிப்பது அவள் வழக்கம். ஒரு வருஷம் தவறியதில்லை. கார்புரேட்டர் இருந்தவரை அந்த போல்ட்டுக்கு ஒரு வேலையும் இல்லை. இப்போது கம்ப்யூட்டரே அதை நம்பித்தான் இருந்தது.

"பெயின்ட்டு மேல முறுக்கி வெச்சா கரண்ட் எப்படிடா ஓடும்?"

"பாக்க சுத்தமா இருந்துச்சுக்கா" என்று சாகில் தலையைச் சொறிந்தான்.

அவள் கத்தியை வாங்கிக்கொண்டு தானே சுரண்டினாள். பச்சை உரிந்தது. அடியில் நீலம், அதற்கடியில் அரக்கு, மறுபடியும் பச்சை. ஒவ்வொன்றும் ஒரு பூஜை. தகடு வெள்ளையாகத் தெரியும்வரை நிறுத்தவில்லை. சாகில் ஒயரை முறுக்கினான். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் ஒரே பிடியில் எடுத்தது. மஞ்சள் விளக்கு அணைந்தது.

"ஷெட்டுல எல்லா வண்டியும் ஓடும். நாளைக்கு வேங்கிக்கால் போய்ச் சேரட்டும்" என்று சொல்லிவிட்டு வல்லரசு கிளம்பினான்.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கே ஆறு பேரும் ஆபீஸ் வாசலில் இறங்கினார்கள். வழியில் நின்றால் ஏற்றிக்கொள்ளலாம் என்று பின்னாலேயே வந்த வல்லரசும் நிறுத்தினான். மணியம்மாள் அவன் கண்ணெதிரே இன்ஜினை அணைத்தாள். நல்ல சூடு. சாவியைத் திருப்பினாள், பிடித்தது. மறுபடி அணைத்தாள், மறுபடி திருப்பினாள். வல்லரசு கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போன பிறகும் அவள் விடவில்லை.

வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். "என்னாம்மா, வண்டி ரிப்பேரா?"

"இல்லிங்க" என்றாள், இன்னொரு முறை திருப்பியபடி.